கிசியாங்கானியின் டீசல் கோபுரம்

மார்ச் மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில் கிசியாங்கானி ஒரு சபதம் செய்தார். சபதம் செய்பவர்கள் வழக்கமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்வார்கள். கிசியாங்கானி பாதி குனிந்த நிலையில் செய்தார். அதற்கு மேல் நிமிர முடியவில்லை.

"இனிமே இந்தக் கையால டீசல் கேனைத் தூக்க மாட்டேன்," என்றார், தரையைப் பார்த்தபடி.

"யாருகிட்ட சொல்றீங்க?" என்றாள் அவர் மனைவி நெலிமா. "என்கிட்டயா, எறும்புகிட்டயா?"

நடந்தது இதுதான். மஞ்சள் கேனில் இருபது லிட்டர் டீசல். டிராக்டரின் டேங்க் மூடி, பானெட்டுக்கு மேலே, ஆள் கழுத்து உயரத்தில். முதல் கேனைத் தூக்கி ஊற்றியாயிற்று. இரண்டாவது கேனைத் தூக்கும்போது இடுப்பில் ஏதோ ஒன்று டக்கென்று சொன்னது. சொன்னது ஒரே சொல்தான். ஆனால் கிசியாங்கானிக்கு முழுப் பிரசங்கமும் விளங்கிவிட்டது. கேனைக் கீழே வைத்தார். அவரும் கூடவே கீழே போனார், திரும்பி வரவில்லை.

"மெதுவா நடங்க," என்று நெலிமா தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். "இப்படியே குனிஞ்சே வாங்க. நிலைப்படி இடிக்காது, அந்த ஒரு வசதி இருக்கு."

கித்தாலே பக்கத்துக் கிராமங்களில் ஜனவரியிலிருந்து மழை விழும்வரை டிராக்டர் வைத்திருப்பவன் பாடு மாப்பிள்ளை பாடுதான். மக்காச்சோளம் போட வேண்டும், அதற்கு முன்னால் உழ வேண்டும். கிசியாங்கானியின் நீல டிராக்டருக்கு வயது அவருடைய மகள் நசம்புவைவிட நான்கு கூட. நசம்பு எல்டோரெட்டில் கல்லூரியில் படிக்கிறாள், அவளுக்கு உடம்பு முடியாமல் போனால் அப்பா போனில் விசாரிப்பார். டிராக்டருக்கு முடியாமல் போனால் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுப்பார்.

ஊரில் யார் கூப்பிட்டாலும் போவார். கூலிக்காக மட்டும் இல்லை. உழுது முடித்த வீட்டில் கோழி அடிப்பார்கள், கேழ்வரகைப் புளிக்கவைத்த புசாக் கள்ளைப் பானையில் நுரைக்க நுரைக்க வைத்து, நீளமான குழல்களைப் போட்டுச் சுற்றி உட்கார்ந்து உறிஞ்சுவார்கள். கோழி என்றால் அதில் முக்கியம் இரைப்பை. கல்லையும் மணலையும் அரைத்து அரைத்துக் கெட்டிப்பட்ட அந்தச் சின்ன இரைப்பை வீட்டு ஆம்பளைக்கு உரியது. பெண்கள் தொட மாட்டார்கள். வேறு எவன் தட்டிலாவது அது விழுந்தால் வீட்டில் பஞ்சாயத்து வரும், சில வீடுகளில் மாமனார் வரைக்கும் போயிருக்கிறது.

கிசியாங்கானி இதில் ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தார். "நிலத்தை யார் உழுதாங்களோ அன்னிக்கு அவங்கதான் அந்த வீட்டுக்கு ஆம்பளை. இரைப்பை உழுதவங்களுக்கு." வீட்டுக்காரர்கள் எச்சிலை விழுங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள். டிராக்டர் அவருடையது, மழை அவர்களுடையதில்லை. இந்தப் பருவத்தில் மட்டும் பத்தொன்பது இரைப்பை ஆகிவிட்டது.

இருபதாவது நிலம் எங்கே என்று கேட்டால், அது அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு ஏக்கர். நெலிமா விதைத்து, களை எடுத்து, அறுத்து, வீட்டுக்குச் சோறு போடும் நிலம். அங்கே உழுதால் யாரும் தனியாகக் கோழி அடிக்கப் போவதில்லை. அதனால் அதற்கு முறை எப்போதும் கடைசியில்தான் வரும்.

"வீட்டு நிலம் எங்க ஓடிப் போகப் போகுது?" என்பார் கிசியாங்கானி.

போன வருஷம் நிலம் ஓடவில்லை, மழை ஓடி வந்துவிட்டது. சேற்றில் டிராக்டர் இறங்கவில்லை. மூன்று வாரம் தள்ளி விதைத்த சோளம் கட்டைவிரல் தண்டிக்குக் கதிர் விட்டது. டிசம்பரிலேயே குதிர் காலி. டிராக்டர்காரர் வீட்டில் கடை மாவு வாங்கி உகாலிக் களி கிண்டினார்கள். மாவுப் பொட்டலத்தைக் கூடையில் துணி போட்டு மூடி எடுத்து வந்த அந்த நாளை நெலிமா மறக்கவில்லை. எதிரே வந்த பெண்களில் ஒருத்தி, "என்ன, டிராக்டர் பஞ்சராயிடுச்சா?" என்று கேட்டதையும் மறக்கவில்லை.

அன்றைக்கே அவள் கேட்டாள். "அந்தச் சாவியைக் கொடுங்க. என் நிலத்தை நானே உழுதுக்கறேன்."

கேட்டது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. பிறந்த ஊரான கிமிலிலியில் அவள் அப்பாவுக்கு டிராக்டர் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருஷம் அவள்தான் ஓட்டினாள். கிசியாங்கானி பெண் பார்க்கப் போனபோது அவள் வயலில் டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு முதலில் பிடித்தது எது என்பதை அவர் இதுவரை சொன்னதில்லை.

அவருக்குச் சாவி கொடுக்க மனமில்லை. இல்லை என்று சொல்லவும் வாயில்லை. அதனால் ஒரு சட்டம் போட்டார். பக்கத்து வீட்டு வபொம்பாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டே போட்டார்.

"கொடுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. டிராக்டர்னா ஓட்டறது மட்டுமா? டேங்க்கை யார் நிரப்பறாங்களோ அவங்ககிட்ட சாவி. தனியாளா நிரப்பணும். முழுசா நிரப்பணும்."

நெலிமா ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. கேனைத் தூக்கிக்கொண்டு டிராக்டர் படியில் ஏறினாள். கேன் ஒரு பக்கம் சாய்ந்தது, அவள் ஒரு பக்கம் சாய்ந்தாள். டேங்க்குக்குப் போனது கால்பங்கு, பாவாடைக்குப் போனது முக்கால் பங்கு. மறுநாள் தேநீர்க் கெண்டியை எடுத்துக்கொண்டு வந்து கெண்டி கெண்டியாக ஊற்ற ஆரம்பித்தாள்.

"இது செல்லாது," என்றார் கிசியாங்கானி. "கெண்டி, சொம்பு எதுவும் ஆகாது. தூசி விழும், ஃபில்டர் அடைக்கும். ஒரே மூச்சுல நிரப்பணும்."

"ஒரே மூச்சுல. தனியாளா. முழுசா," என்று நெலிமா விரல் விட்டு எண்ணினாள். "அவ்வளவுதானே? அப்புறம் புதுசா ஒண்ணு சேர்க்க மாட்டீங்களே?"

"வபொம்பா முன்னால சொல்றேன். மாத்துவேனா?"

மாற்ற முடியாது. வபொம்பாவும் கிசியாங்கானியும் ஒரே வருஷம், ஒரே ஆற்றங்கரையில், ஒரே சுன்னத்துக் கத்தியின் கீழ் நின்று ஆம்பளையானவர்கள். ஒருவரை ஒருவர் 'பகோகி' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பகோகி முன்னால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்தவனை ஊர்ப் பானையில் குழல் போட விட மாட்டார்கள்.

அப்படியே மூன்று மாசம் போயிற்று. சாவி கயிற்றில் கட்டிக் கிசியாங்கானியின் கழுத்தில் தொங்கியது. இப்போது இடுப்பும் பிடித்துக்கொண்டது. எல்கன் மலைக்கு மேல் மேகம் சேர ஆரம்பித்திருந்தது. நெலிமா தினமும் காலையில் மலையைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

இரண்டு நாள் உப்பு ஒத்தடத்தில் இடுப்பு முக்கால்வாசி நிமிர்ந்தது. வபொம்பா பார்க்க வந்தார். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். அடுத்து உழ வேண்டியது அவர் நிலம். அதனால் நண்பனின் இடுப்பு மேல் அவருக்கு அக்கறை கொஞ்சம் அதிகம்.

"தூக்காம ஊத்த வழியா இல்ல, பகோகி? கேனை பானெட் மேல நான் ஏத்தி வைக்கறேன். ஒரு குழாயைப் போடு. வாயால ஒரு இழு. அப்புறம் தானா வரும்."

கிசியாங்கானியின் முகம் மலர்ந்தது. குழல் போட்டு இழுப்பதில் ஊரில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பத்துப் பேர் உறிஞ்சும் புசாப் பானையில் அவர் குழல் இருக்கும் பக்கம் மட்டும் பள்ளம் விழும் என்பார்கள். குழாயை வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அங்கேதான் தப்பு நடந்தது. டீசலை இழுக்கிறவன் அரை மூச்சு இழுத்து வாயை எடுத்துவிட வேண்டும். கிசியாங்கானி புசாவை இழுக்கிற இழுப்பு இழுத்தார்.

மூன்று நாள் அவர் விட்ட ஏப்பம் பக்கத்துத் தோட்டம் வரை போயிற்று. டாக்டரம்மா பார்த்துவிட்டு, வாந்தி எடுக்காதே, படுத்திரு, இந்த ஊருக்கே புத்தி கிடையாது என்று சொல்லி அனுப்பினாள். நெலிமா சமையல்கட்டு வாசலில் ஒரு கோடு கிழித்தாள்.

"இதுக்கு இந்தப் பக்கம் வராதீங்க."

"எதுக்கு?"

"அடுப்பு எரியுது."

கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே தேநீர் வாங்கிக் குடித்தார். குடிக்கும்போது நெலிமா மெதுவாக ஆரம்பித்தாள்.

"நசம்பு அப்பா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"டிரம் ஒண்ணு வாங்கித் தரையில வெச்சுட்டு, கைப்பம்பு ஒண்ணு மாட்டிக்கலாமே. எங்க அப்பா அப்படித்தான் வெச்சிருந்தாரு. பிடியைச் சுத்தினா போதும். தூக்கவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம்."

நல்ல யோசனை. அதுதான் கிசியாங்கானிக்கு ஆபத்தாகப் பட்டது. பிடியைச் சுற்றினால் போதும் என்றால் யார் வேண்டுமானாலும் சுற்றலாம். தனியாளாகச் சுற்றலாம். ஒரே மூச்சில் சுற்றலாம். அவர் கை தன்னையறியாமல் கழுத்துச் சாவிக்குப் போயிற்று.

"கைப்பம்பெல்லாம் சரிப்படாது," என்றார். "நம்ம ஊர் டீசலுக்கு ஒத்துக்காது."

"கிமிலிலி டீசல் வேறயா?"

"வேறதான்," என்று சொல்லி ஒரு ஏப்பம் விட்டார். பேச்சு அதோடு நின்றது, நெலிமா மூக்கை மூடிக்கொண்டதால்.

அன்று மாலை முழுக்க யோசித்தார். தனக்குச் சுலபமாக இருக்க வேண்டும். அவளுக்கு முடியாததாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக எங்கே கிடைக்கும்? யோசித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். தகரக் கூரையில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. கிசியாங்கானி காகத்துக்கு மனதார நன்றி சொன்னார்.

கூரை. பெண்பிள்ளை கூரை உயரத்துக்கு ஏறக் கூடாது. ஏறினால் புருஷன் தலையை மிதித்த மாதிரி. பாட்டன் முப்பாட்டன் காலத்துக் கட்டுப்பாடு. கூரை ஒழுகினால்கூட ஆம்பளை வரும்வரை கீழே பாத்திரம் வைத்துப் பிடிப்பார்களே தவிர ஏற மாட்டார்கள். டீசலைக் கூரை உயரத்தில் வைத்துவிட்டால்?

மறுநாள் காலையில் வபொம்பாவின் பட்டறையில் குச்சியால் மண்ணில் படம் வரைந்தார்.

"நாலு இரும்புக் கால். கூரை உயரம். மேல இருநூறு லிட்டர் டிரம். ஏற ஒரு ஏணி. கீழ குழாய். ஒரு தடவை மேல ஊத்தி வெச்சா போதும், பகோகி. தண்ணித் தொட்டி மாதிரி. டீசல் தானா இறங்கும்."

வபொம்பா படத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "டீசல் தானா இறங்கும், சரி. தானா ஏறுமா?"

"நான் ஏத்துவேன்."

"உன் இடுப்பு?"

"ஒரு தடவைதானே? அப்புறம் பத்து நாள் ராஜா மாதிரி இருப்பேன்."

"முன்னாடி மூணு கேனை நாலடி தூக்கின. இனிமே பத்துக் கேனைப் பன்னிரண்டடி தூக்கணும். இதுக்குப் பேரு சுலபமா?"

"நீ வெல்டிங்கைப் பாரு."

வபொம்பா வெல்டிங்கைப் பார்த்தார். பழைய இரும்பு அவரிடமே கிடந்தது. அவர் நிலத்தை முதலில் உழுது தருவதாகப் பேச்சு. முதலில் என்ற சொல் நெலிமாவின் காதுக்கு வந்தது. அவள் மலையைத்தான் பார்த்தாள்.

சனிக்கிழமை கோபுரம் எழுந்து நின்றது. ஊரே வந்து அண்ணாந்து பார்த்தது. கிசியாங்கானி ஏணியின் இரண்டாவது படியில் நின்று விளக்கினார். கூட்டத்தில் ஒரு கிழவர், மணி எங்கே கட்டுவீர்கள், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு அடிப்பீர்கள் என்று கேட்டார். அவரைப் பிறகு யாரோ நகர்த்திவிட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு வபொம்பா குழாய்க்கு அளவு எடுத்தார். "அடைப்பான் எந்த உயரத்துல வைக்கட்டும்?"

அதுவரை ஓரமாக நின்ற நெலிமா முன்னால் வந்தாள். "பாவம், அவரு குனியக் கூடாது. கையை மேல தூக்கவும் கூடாது. இந்த உயரம் வைங்க." தன் நெஞ்சு உயரத்தைக் காட்டினாள். "குழாயும் கொஞ்சம் நீளமா விடுங்க. டேங்க் வாய்க்குள்ள போயி நிக்கணும். அவரு பிடிச்சுக்கிட்டே நிக்க வேண்டாம் பாருங்க."

கிசியாங்கானி திரும்பி அவளைப் பார்த்தார். இத்தனை அக்கறையுள்ளவளுக்கா எதிராகக் கோட்டை கட்டினோம் என்று ஒரு கணம் வெட்கப்பட்டார். உடனே மனதைத் தேற்றிக்கொண்டார். அக்கறை வேறு, சாவி வேறு.

"நெலிமா, ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். போன வருஷம் சொன்னதுதான் இப்பவும். டேங்க்கை நிரப்பறவங்ககிட்ட சாவி. நீயும் தாராளமா முயற்சி பண்ணலாம்." சொல்லிவிட்டு ஏணியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"டிராக்டர் டேங்க்கைத்தானே?" என்றாள் நெலிமா.

"வேற எதை?"

"இல்ல, கேட்டு வெச்சுக்கிட்டேன். பகோகியும் கேட்டாரு."

"கேட்டேன்," என்றார் வபொம்பா, நட்டை முடுக்கிக்கொண்டே.

திங்கட்கிழமை காலையில் மூன்று மோட்டார் சைக்கிள்களில் பத்துக் கேன் வந்து இறங்கியது. கிசியாங்கானி முதல் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். பன்னிரண்டு படி. மேலே போய் ஊற்றிவிட்டுக் கீழே பார்த்தார். ஊர் சின்னதாகத் தெரிந்தது. வாழ்க்கையில் நாம் ஒரு படி மேலே வந்துவிட்டோம் என்று தோன்றியது. இரண்டாவது கேனில் அந்த எண்ணம் போய்விட்டது.

நான்காவது கேனில் ஏணியின் நடுவில் நின்றார்.

"நெலிமா."

"என்ன?"

"ஒரு கை கொடு. கீழேருந்து தூக்கிக் கொடுத்தா போதும், நான் வாங்கிக்கறேன்."

"எந்தப் படி வரைக்கும் ஏறலாம்?"

"ஆறாவது படி வரைக்கும்."

"ஆறாவது படின்னா கூரை ஓரம் என் தலைக்கு வந்துடும். உங்க தலையை மிதிக்கற பாவம் எனக்கு எதுக்கு?" நெலிமா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நீங்க நூறு வருஷம் இருக்கணும். ஏறுங்க, நான் ஏணியைப் பிடிச்சுக்கறேன்."

அவள் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எண்ணிக்கையும் சொன்னாள். ஐந்து. ஆறு. ஏழாவது கேனில் கிணற்றுக்குப் போகும் பெண்கள் நின்று பார்த்தார்கள். "எங்க வீட்டுக்காரரைப் பாருங்க, இந்த வயசுல," என்றாள் நெலிமா பெருமையாக. அவர்கள் முன்னால் இறங்கி உட்கார முடியுமா? கிசியாங்கானி எட்டாவதைத் தூக்கினார். ஒன்பதாவதைப் படிக்குப் படி நின்று நின்று ஏற்றினார். பத்தாவதைக் கடவுள்தான் தூக்கினார் என்று அவர் பிற்பாடு சர்ச்சில் சாட்சி சொன்னார்.

ஊற்றி முடித்து இறங்கி, கடைசிப் படியில் காலை வைத்தபோது இடுப்பு மறுபடி பேசியது. இந்தத் தடவை ஒரு சொல்லோடு நிறுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கட்டிலில் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் வபொம்பா முக்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மலையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் மலையின் தோளுக்கு இறங்கியிருந்தது.

"இன்னிக்கு எழுந்திருப்பியா, பகோகி?"

"நாளன்னிக்குப் பார்க்கலாம்."

"நாளைக்கே மழை பிடிச்சுடும் போலிருக்கு. என் நிலம்?"

"உன் நிலம் எங்க ஓடிப் போகப் போகுது?" என்றார் கிசியாங்கானி தலையணைக்குள். வபொம்பாவின் முகம் மாறியதை அவர் பார்க்கவில்லை.

கதவருகே செருப்புச் சத்தம். நெலிமா வந்து நின்றாள். தலைத்துணியை இறுகக் கட்டியிருந்தாள். கையைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். அறைக்குள் டீசல் வாசம் வந்தது. இந்தத் தடவை அது கிசியாங்கானியிடமிருந்து வரவில்லை.

"டேங்க் நிரம்பிடுச்சு," என்றாள். "சாவி கொடுங்க."

"யார் நிரப்பினா?"

"நான்தான்."

கிசியாங்கானி கழுத்தைத் திருப்பப் பார்த்தார். கழுத்து மறுத்தது. "நெலிமா, நீ மேல ஏறினியா?"

"சேச்சே. நான் ஏன் ஏறறேன்? ஏறினது நீங்க. நான் கீழ நின்னு அடைப்பானைத் திறந்தேன். ஒரே மூச்சுல இறங்கிடுச்சு. தனியாளாதான் நின்னேன். வாய் வரைக்கும் முழுசா நிரம்பியிருக்கு. கெண்டி இல்ல, சொம்பு இல்ல, பாவாடையில ஒரு சொட்டு இல்ல. வேணும்னா பகோகி போய்ப் பார்க்கட்டும்."

"அதெப்படி?" கிசியாங்கானியின் குரல் தலையணையில் மோதித் திரும்பியது. "நிரப்பினது நான். பத்துக் கேனு. ஊரே பார்த்துச்சு."

"நீங்க நிரப்பினது டிரம்."

"டிரம்ல ஊத்தாம டேங்க்குக்கு எங்கேருந்து வரும்?"

"மழை பெய்யாம கிணத்துக்கு எங்கேருந்து தண்ணி வரும்? அதுக்காகக் கடவுளா வந்து குடத்தை நிரப்பறாரு? குழாயைத் திறந்து பிடிக்கறது என்னிக்கும் பொம்பளை வேலைதானே. நம்ம ஊர்ல எந்த ஆம்பளை குழாயடியில நின்னிருக்கான்?"

கிசியாங்கானி கடைசி ஆயுதத்தை எடுத்தார். "வபொம்பா, நீ சொல்லு. நீ என் பகோகி. ஒரே கத்திக்குக் கீழ நின்னோம்."

வபொம்பா தொண்டையைச் செருமினார். ஜன்னலைப் பார்த்தார். மலையில் மின்னல் ஒன்று வெட்டிப் போயிற்று. "நின்னோம். அதனாலதான் பொய் சொல்ல முடியல. டிராக்டர் டேங்க்குன்னுதான் சொன்ன. சனிக்கிழமை மறுபடியும் சொன்ன. நட்டை முடுக்கிக்கிட்டே கேட்டேன்." நெலிமா பக்கம் திரும்பினார். "நசம்பு அம்மா, உன் நிலத்தை முடிச்சுட்டு என் நிலத்துக்கு வர எத்தனை நாழி ஆகும்?"

"நாளைக்குக் காலையில வந்துடறேன்."

"அப்ப சாவியைக் கொடுத்துடு, பகோகி."

கொடுக்கவும் அவரால் முடியவில்லை. கை பின்னால் வளையவில்லை. நெலிமாவே குனிந்து, வலிக்காமல், கழுத்துக் கயிற்றை அவிழ்த்து எடுத்தாள். போகும்போது போர்வையை இழுத்து விட்டாள். பக்கத்தில் தண்ணீர் வைத்தாள். எட்டுகிற தூரத்தில்தான் வைத்தாள்.

டிராக்டர் உறுமியது. கிசியாங்கானி கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினார். முதல் கியரில் தடுமாறும் என்று எதிர்பார்த்தார். தடுமாறவில்லை. திருப்பத்தில் கலப்பையைத் தூக்க மறப்பாள் என்று எதிர்பார்த்தார். அந்தச் சத்தமும் அந்தந்த இடத்தில் சரியாக வந்தது. நிலத்து ஓரத்தில் மண்ணில் வேரோடு நிற்கும் மரக்கட்டையில் கட்டாயம் மாட்டுவாள் என்று காத்திருந்தார். அவரே வருஷா வருஷம் மாட்டுகிற கட்டை அது. டிராக்டர் அதைச் சுற்றிக்கொண்டு போனது. கிமிலிலி வயலில் டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்த பெண் ஞாபகத்துக்கு வந்தாள். நன்றாகத்தான் ஓட்டுகிறாள் என்று நினைத்தார். நினைத்தது தலையணையோடு போகட்டும் என்று வெளியே சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் வீட்டு நிலம் முடிந்தது. புதன்கிழமை மதியத்துக்குள் வபொம்பாவின் நிலமும் முடிந்தது. டிராக்டரைக் கொட்டகையில் நிறுத்திய கால்மணி நேரத்தில் தகரக் கூரை மேல் மழை இறங்கியது. ஆலங்கட்டியும் சேர்ந்து கொட்டியது. வாசலில் நின்று மழையைப் பார்த்த நெலிமாவின் முகத்தைக் கட்டிலிலிருந்து கிசியாங்கானி பார்த்தார். போன வருஷத்து மாவுப் பொட்டலம் அவருக்கும் ஞாபகம் வந்தது. தோற்றதில் பாதி வலி அந்த இடத்திலேயே குறைந்துவிட்டது.

மீதிப் பாதி வலியைக் குறைக்க ஒரு வாசனை வந்தது. உழுத கூலியோடு வபொம்பாவின் மனைவி ஒரு சேவலைக் கொடுத்தனுப்பியிருந்தாள். நல்ல பெரிய சேவல். மழைச் சத்தத்துக்கு நடுவே குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. கிசியாங்கானி தலையணையைச் சுவரில் சாய்த்து மெதுவாக உட்கார்ந்தார். சாவி போனால் போகட்டும். இரைப்பையைப் பெண்கள் தொட மாட்டார்கள். வீட்டில் வேறு ஆம்பளை கிடையாது. சட்டம் தோற்ற இடத்தில் சம்பிரதாயம் கைகொடுக்கும்.

நெலிமா தட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். உகாலி ஆவி பறந்தது. தொடை இருந்தது. இறக்கை இருந்தது. கழுத்து இருந்தது. கிசியாங்கானி குழம்பைக் கரண்டியால் இப்படித் தள்ளினார், அப்படித் தள்ளினார். உகாலியைப் புரட்டி அடியிலும் பார்த்தார்.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. இந்தச் சேவலுக்கு இரைப்பை இல்லையா?"

"இருந்துச்சே. நல்லாப் பெரிசு."

"எங்க?"

"இரைப்பை உழுதவங்களுக்குன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க."

கிசியாங்கானி கரண்டியைக் கீழே வைத்தார். "நெலிமா. பொம்பளை இரைப்பை சாப்பிடலாமா?"

"ஐயோ, நான் ஏன் சாப்பிடறேன்? என் பங்குதானே, யாருக்கு வேணா கொடுக்கலாமேன்னு வபொம்பாவுக்குக் கொடுத்தனுப்பிட்டேன். உண்மையைச் சொன்ன வாய், பாவம்."

மழை ஓங்கி அடித்தது. கிசியாங்கானி தட்டிலிருந்த சேவல் கழுத்தை எடுத்துக் கடிக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் கடித்தார். நெலிமா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கழுத்துச் சாவிக் கயிற்றைச் சரிசெய்துகொண்டு, இடுப்புக்குத் தைலம் எடுத்துத் தேய்த்தாள். இதமாகத்தான் தேய்த்தாள். அவருக்குக் கண் சொக்கியது.

"நசம்பு அப்பா."

"ம்."

"சீக்கிரம் நல்லாயிடுங்க. மழை விட்டதும் மத்தவங்க நிலத்தையும் உழுதா டிரம் காலி. திங்கட்கிழமை பத்துக் கேனு வருது. ஏணியைத் துடைச்சு வெச்சிருக்கேன்."